மலைத்தல யாத்திரைக்கு எத்தனை நாள்?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இமயமலைத் தலங்களைத் தரிசிக்க விழையும் அன்பர்கள் முதலில் கேட்கும் வினா, "எத்தனை நாள் ஆகும்?" என்பதாகும். அலுவலகத்தில் விடுப்புக் கேட்க வேண்டும். இரயிலில் இடம் பதிவு செய்ய வேண்டும். வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை அமர்த்த வேண்டும். ஆதலின் அவ்வினா இயல்பானதே. ஆயினும் அதற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் பேருந்து செல்லும் தொலைவை மட்டுமே கணக்கிட்டு விடை கூறுகின்றனர். ஏறும் உடலுக்கும், இறங்கிவரும் மழைக்கும், சரியும் மலைக்கும் அக்கணக்கில் இடமில்லை. அக்குறையைக் களைவதே இன்றைய பொருள்.

திருக்கேதாரமும் திருவதரியும்

யமுனோத்திரி, கங்கோத்திரி, கேதாரநாதம், பத்ரிநாதம் ஆகிய நான்கும் உத்தரகண்ட மாநிலத்தில் கார்வால் மலைப்பகுதியில் அமைந்துள்ளன. இவற்றுள் கேதாரநாதம் பன்னிரு ஜோதிர்லிங்கத் தலங்களுள் ஒன்று. தேவாரத்தில் திருக்கேதாரம் எனப் பாடல் பெற்றது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். பத்ரிநாதமோ நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான திருவதரியாச்சிராமம். செல்லும் வழியிலுள்ள தேவப்பிரயாகையைக் கண்டமென்னும் கடிநகர் எனப் பெரியாழ்வார் பாடியுள்ளார். ஜோஷிமடம் திருப்பிரிதி எனப் போற்றப்படுகின்றது. பத்ரிநாதத்தின் தலைமை அர்ச்சகரான ராவல் கேரளத்து நம்பூதிரி மரபினர். கேதாரநாதத்தின் ராவல் கன்னட நாட்டு வீரசைவ மரபினர். வடகோடி மலையில் நிகழும் வழிபாட்டில் தென்னாட்டின் கை இன்றளவும் இருந்துவருகின்றது.

இத்திருக்கோயில்கள் ஆண்டு முழுவதும் திறந்திருப்பவை அல்ல. யமுனோத்திரியும் கங்கோத்திரியும் அட்சய திருதியையை ஒட்டித் திறக்கப்படுகின்றன. கேதாரநாதம் திறக்கும் நாள் மகாசிவராத்திரியன்று ஊகிமடத்தில் அறிவிக்கப்படும். பத்ரிநாதம் திறக்கும் நாள் வசந்த பஞ்சமியன்று நரேந்திரநகர் அரண்மனையில் குறிக்கப்படும். தீபாவளிக்குப் பின் கேதாரநாதமும், அதன்பின் பத்ரிநாதமும் நடைசாத்தப்பெறும். பனிக்காலத்து ஆறு மாதங்களில் பத்ரிநாதனை மானிடர் பூசிப்பதில்லை, தேவர்களே பூசிக்கின்றனர் என்பது ஐதிகம்.

இறைவனே ஆறு மாதம் மலையிலும் ஆறு மாதம் அடிவாரத்திலும் எழுந்தருளி, பருவத்திற்கு இணங்கி நடக்கின்றான். அடியார் மட்டும் பருவத்தையும் மலையையும் தம் பயணச்சீட்டுக்கு இணங்கச் சொல்வது பொருந்துமா?

ஒரு குடும்பத்தின் கணக்கு

தஞ்சைப் பகுதியில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர், அகவை 68, சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர். தாயாருக்கு அகவை 63. மகன் சென்னையில் பணிபுரிபவன். பெற்றோரை இமயத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டுமென்பது அவனுடைய நெடுநாள் விருப்பம். அலுவலகத்தில் 15 நாள் விடுப்புக் கிடைத்தது. சென்னையிலிருந்து தில்லிக்கு இரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள். தில்லியிலிருந்து ஹரித்துவாரம் மேலும் அரை நாள். ஆகப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். எஞ்சுவன 11 நாட்கள்.

மகன் ஒரு தாளில் எழுதினான். முதல் நாள் ஹரித்துவாரத்திலிருந்து பர்கோட். இரண்டாம் நாள் யமுனோத்திரி. மூன்றாம் நாள் உத்தரகாசி. நான்காம் நாள் கங்கோத்திரி சென்று மீளல். ஐந்தாம் நாள் குப்தகாசி. ஆறாம் நாள் கேதாரநாதம் ஏறல். ஏழாம் நாள் இறங்கல். எட்டாம் நாள் பத்ரிநாதம். ஒன்பதாம் நாள் ருத்ரப்பிரயாகை. பத்தாம் நாள் ஹரித்துவாரம். "அப்பா, நான்கு தலங்களும் பத்தே நாளில் முடிந்துவிடுகின்றன. இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது" என்று மகிழ்ந்தான்.

தாயார் தாளை வாங்கிப் பார்த்தார். "எத்தனை நாள் வண்டியில் போவது என்று எழுதியிருக்கிறாய், எத்தனை நாள் சுவாமி சந்நிதியில் உட்கார்ந்திருப்பது என்று எழுதவில்லையே, தம்பி? வழியில் உன் அப்பாவுக்கு முடியாமல் போனால் எந்த நாளில் படுப்பார்?" என்று கேட்டார். மகனிடம் விடையில்லை.

தாயார் கேட்ட வினாவில்தான் யாத்திரையின் நாள்கணக்குத் தொடங்குகின்றது.

உடல் கேட்கும் நாட்கள்

கௌரிகுண்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,980 மீட்டர் உயரத்தில் உள்ளது. கேதாரநாதம் ஏறக்குறைய 3,580 மீட்டர். கால்நடையாக ஏறுவோர் ஒரே பகலில் 1,600 மீட்டர் உயர்கின்றனர். காவிரிக்கரையில் வாழ்ந்து பழகிய உடலுக்கு இது சிறிய மாற்றம் அன்று. உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகின்றது. அதனை ஈடுசெய்ய உடல் தன்னைத் தயார்செய்துகொள்ளும். ஆனால் அதற்கு நாள் வேண்டும்.

நாள் கொடாவிடில் தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், உறக்கமின்மை ஆகியன தோன்றும். இவற்றைக் களைப்பு என்று எண்ணி ஏறிக்கொண்டே போவது பெருந்தவறு. இவ்வறிகுறிகள் தோன்றினால் மேலே ஏறுதல் கூடாது. தணியாவிடில் கீழே இறங்க வேண்டும். ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தோன்றினாலோ சிறிதும் தாமதியாமல் இறங்குவதே உயிர்காக்கும் வழி. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடலாகாது என்பது மருத்துவர் கூறும் பொதுவிதி. கேதார வழியில் இவ்விதியை முழுமையாகக் கடைப்பிடிக்க இயலாது. ஆதலின் ஏறுமுன் கீழே ஒரிரு இரவுகள் தங்கிப் பழகுதல் இன்றியமையாதது.

உத்தரகண்ட அரசின் நலவாழ்வு அறிவுரையும் குறைந்தது ஏழு நாட்களேனும் திட்டமிடுமாறு யாத்திரிகரைக் கேட்டுக்கொள்கின்றது. இதயநோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உடையோர் புறப்படுமுன் மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெறுதல் வேண்டும். மூச்சுப்பயிற்சியையும் நடைப்பயிற்சியையும் ஊரிலேயே பல வாரங்களுக்கு முன்னர்த் தொடங்குதல் நலம். அவ்வகையில் யாத்திரையின் முதல் நாள் இரயிலேறும் நாள் அன்று. வீட்டு வாசலில் நடக்கத் தொடங்கும் நாளே முதல் நாள்.

முன்னோர் யமுனோத்திரி, கங்கோத்திரி, கேதாரம், பத்ரி என மேற்கிலிருந்து கிழக்காக வகுத்த வரிசையிலும் ஒரு நன்மை உண்டு. முதலிரண்டு தலங்களிலும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட காற்றை நுகர்ந்து பழகிய உடல், நான்கனுள் மிக உயர்ந்த கேதாரத்தைப் பின்னரே அடைகின்றது. நான்கு தலங்களையும் நிதானமாகத் தரிசிக்க விரும்புவோர் மலைக்கென்றே 14 நாட்கள் ஒதுக்குதல் நன்று.

ஹெலிகாப்டரில் சென்றால் நாள் மிச்சமாகும் என்பர். நாள் மிச்சமாவது உண்மையே. ஆனால் உடல் பழகும் காலமும் அதனுடன் கழிந்துவிடுகின்றது. மேலும் மேகம் மூடினால் அது பறப்பதில்லை. சோனப்பிரயாகையிலிருந்து கேதாரநாதத்திற்கு 12.9 கிலோமீட்டர் நீளத்திற்குக் கம்பிவடப் பாதை அமைக்க மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. வழி எவ்வளவு சுருங்கினும் மலையின் உயரம் சுருங்குவதில்லை என்பதை மறத்தலாகாது.

மலை கேட்கும் நாட்கள்

உடல் கேட்கும் நாளைத் தந்தாலும் போதாது. மலையும் நாள் கேட்கும். 2013 சூன் 16, 17 தேதிகளில் பெய்த பெருமழையாலும், சோராபாரி ஏரி உடைந்ததாலும் கேதாரப் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் பாய்ந்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். வழியிலிருந்த ராம்பாரா என்னும் தங்குமிடமே அடித்துச் செல்லப்பட்டது. வெள்ளத்தில் உருண்டுவந்த பெரும்பாறை ஒன்று கோயிலின் பின்புறம் நின்று நீரைப் பிரித்துவிட, திருக்கோயில் நிலைத்து நின்றது. முன்பு 14 கிலோமீட்டராக இருந்த நடைவழி, அதன்பின் மாற்றி அமைக்கப்பட்டு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் ஆயிற்று.

2024 சூலை 31 அன்று பெய்த கனமழையில் கேதார நடைவழி பல இடங்களில் சிதைந்தது. வழியில் சிக்கிய ஆயிரக்கணக்கானோர் மீட்கப்பட்டனர். 2025 ஆகஸ்டு 5 அன்று கங்கோத்திரி செல்லும் வழியிலுள்ள தராலி என்னும் ஊரை வெள்ளமும் சேறும் மூடின. இவற்றைக் கூறுவது அச்சுறுத்துவதற்காக அன்று. ஆடி, ஆவணி மாதங்களில் அம்மலை வழிகள் மழைக்கு உரியவை என்பதை உணர்த்தவேயாம். வைகாசியில் கூட்டம் மிகும். புரட்டாசியிலும் ஐப்பசி முற்பகுதியிலும் மழை தணிந்து வானம் தெளிந்திருக்கும். குளிர் மட்டும் கூடுதலாக இருக்கும்.

மழைக்காலம் அல்லாத நாட்களிலும் சிறு மண்சரிவால் சாலை அரை நாளோ ஒரு நாளோ மூடப்படுவது அங்கு வழக்கமே. ஆதலின், எத்திட்டத்திலும் இரண்டு நாட்களை எதுவும் எழுதாமல் வெற்றிடமாக விடுதல் வேண்டும். ஒரு நாள் உடலுக்கு. ஒரு நாள் மலைக்கு. அவ்விரு நாட்களும் பயன்படாமல் மீந்தால் ஹரித்துவாரத்தில் கங்கைக்கரையில் அமர்ந்து ஜபம் செய்யலாம், அவை வீணாவதில்லை.

திருத்தி எழுதிய தாள்

தஞ்சைக் குடும்பத்தார் தாளைத் திருத்தி எழுதினர். நான்கு தலங்கள் இரண்டாயின. முதல் நாள் ஹரித்துவாரத்தில் நீராடி ஓய்வு. இரண்டாம் நாள் ரிஷிகேசம், தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை வழியாகக் குப்தகாசி. மூன்றாம் நாள் திரியுகிநாராயணரைத் தரிசித்துச் சோனப்பிரயாகையில் தங்கல். நான்காம் நாள் கேதாரம் ஏறி அங்கேயே இரவு தங்கல். ஐந்தாம் நாள் விடியலில் தரிசனம். பின் இறங்கிக் குப்தகாசி. ஆறாம் நாள் ஜோஷிமடம். ஏழாம் நாள் பத்ரிநாதம். எட்டாம் நாள் மீண்டும் தரிசனம், மாணா என்னும் எல்லைச் சிற்றூர், பின் இறக்கம். ஒன்பதாம் நாள் ஹரித்துவாரம். எஞ்சிய இரு நாட்கள் வெற்றிடம். அரசின் யாத்திரைப் பதிவையும் முன்கூட்டியே செய்துகொண்டனர். பதிவின்றிச் செல்வோர் அடிவாரத்திலேயே நாட்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

நான்காம் நாள் காலை ஏறத் தொடங்கினர். பாதி வழிக்கு மேல் கடந்து லிஞ்சோலியை நெருங்கியபோது ஆசிரியருக்குத் தலை கடுமையாக வலித்தது, குமட்டியது. ஐந்து கிலோமீட்டர் அளவே எஞ்சியிருந்தது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு நிற்பதா? டோலியில் தூக்கிச் சென்றால் போதும்" என்றார் அவர். மகன் தயங்கினான். தந்தையின் வாழ்நாள் ஆசை கண்ணெதிரே இருந்தது. தந்தையின் உடலும் கண்ணெதிரே இருந்தது.

தாயார்தான் முடிவு கூறினார்: "நமக்கு ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. இறங்கலாம்."

இறங்கினர். மறுநாள் குப்தகாசியில் மருத்துவர் பார்த்து, ஆபத்தில்லை, ஆயினும் இம்முறை மீண்டும் அவ்வழி ஏற வேண்டாம் என்றார். ஆசிரியர் மகனிடம், "நீ மட்டும் போய்வா" என்றார். "இந்த விடுப்பை உங்களுக்காக எடுத்தேன், அப்பா. நீங்கள் வரும்போது நானும் வருகிறேன்" என்றான் மகன்.

ஆறாம் நாள், வெற்றிடமாக விட்டிருந்த அந்நாளில், மூவரும் மந்தாகினி ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள ஊகிமடம் சென்றனர். பனிக்காலத்தில் கேதாரநாதர் எழுந்தருளும் ஓங்காரேஸ்வரர் சந்நிதியில் நெடுநேரம் அமர்ந்திருந்தனர். ஆசிரியர் கண்ணீர் பெருக்கினார். அது ஏமாற்றத்தின் கண்ணீரா, நிறைவின் கண்ணீரா என்பதை அவரும் சொல்லவில்லை, மற்றவரும் கேட்கவில்லை. பின்னர் உடல் தேறி, ஜோஷிமடத்தில் ஓர் இரவு தங்கி, வண்டியிலேயே மெல்லச் சென்று பத்ரிநாதனைக் கண்குளிரத் தரிசித்தார். இறங்கும் வழியில் மண்சரிவால் சாலை ஒரு நாள் மூடப்பட்டது. இரண்டாவது வெற்றிடம் அங்குச் செலவாயிற்று. பதினோராம் நாள் குறித்தபடி ஹரித்துவாரம் அடைந்தனர்.

இது உவமையாகச் சொன்ன குடும்பமே. எனினும் இத்தகைய நிலை அம்மலைவழியில் எவருக்கும் நேரக்கூடியது. வெற்றிடமில்லாத தாளோடு வந்திருந்தால், "இன்று விட்டால் வேறு நாளில்லை" என்னும் எண்ணமே அவரை மேலே தள்ளியிருக்கும். மலையில் உயிரிழப்போர் பலரை மேலே தள்ளுவது பக்தி அன்று. பயணச்சீட்டில் அச்சிட்ட தேதியே.

அருளாளர் காட்டிய வழி

"திருநாவுக்கரசர் கயிலைக்கு நாள் குறித்தா சென்றார்?" என்று ஓர் ஐயம் எழலாம். பெரியபுராணம் கூறுவதை நினைவிற்கொள்வோர் விடையும் காண்பர். அப்பர் பெருமான் தனியராய்ச் சென்றார். கால் தேய்ந்தது, கையால் தாவினார், கையும் தேய, மார்பால் உந்தினார், அதுவும் இயலாதபோது உருண்டார். முனிவர் வடிவில் இறைவன் வந்து திரும்புமாறு கூறியும் திரும்பமாட்டேன் என்றார். அவர் பணயம் வைத்தது தம் ஓர் உடலை மட்டுமே. இல்லறத்தார் அப்படியல்லர், முதிய பெற்றோரையும் இளம் மக்களையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். பிறர் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை எந்தப் பக்திக்கும் இல்லை.

மேலும், அப்பர் பெருமானுக்கும் கயிலைக் காட்சி கயிலையில் கிட்டவில்லை. இறைவன் ஆணைப்படி அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். எதிர்ப்பட்ட உயிர்களை எல்லாம் ஆணும் பெண்ணுமாய், சிவமும் சத்தியுமாய்க் கண்டார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அக்காட்சி இன்றும் விழாவாகக் கொண்டாடப்பெறுகின்றது. திரும்பச் சொன்னவனே தரிசனமும் தந்தான். கேதாரத்தைப் பாடிய சம்பந்தரும் சுந்தரரும்கூடக் காளத்தியில் இருந்தவாறே அத்தலத்தைப் பாடினர். ஆதலின் பாதி வழியில் திரும்பியவரைத் தரிசனம் கிட்டாதவர் என்று எவரும் இரங்க வேண்டியதில்லை.

பாண்டவர் இறுதியில் ஏறிய மலைவழி மாணாவைக் கடந்து செல்வதாக ஐதிகம். அது மீளா யாத்திரை. அனைத்தையும் துறந்து சென்றமையால் அவர்கள் எவருக்காகவும் நின்றிலர். இல்லறத்தார் செல்வதோ மீண்டு வர வேண்டிய யாத்திரை. வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டுச் சென்றவர் திரும்பிவந்து அவ்விளக்கின்முன் விழுந்து வணங்கும்போதே அது நிறைவுறுகின்றது.

திருமங்கையாழ்வார் திருவதரியைப் பாடும்போது, மூப்பு வந்து கோலூன்றித் தள்ளாடும் காலத்திற்கு முன்பே அத்தலத்தை வணங்குமாறு நெஞ்சுக்கு உரைக்கின்றார். நாள்கணக்கின் முதற்படி அதுவே. கால் வலிமையாய் இருக்கும்போதே புறப்படுதல் வேண்டும். பெற்றோரை அழைத்துச் செல்ல எண்ணும் பிள்ளைகள் "ஓய்வு கிடைக்கும்போது பார்க்கலாம்" என்று தள்ளிப்போடலாகாது. அங்ஙனம் தள்ளிப்போட்ட ஆண்டுகளை ஒரே வாரத்தில் ஈடுகட்ட முயல்வதும் ஆகாது.

ஆகவே, "எத்தனை நாள்?" என்னும் வினாவிற்கு விடை இதுவாகும். இரு தலங்களுக்கு மலையில் 9 நாட்கள், அதனுடன் வெற்றிடமாக 2 நாட்கள். நான்கு தலங்களுக்கு மலையில் 14 நாட்கள், அவற்றுள் இரண்டு வெற்றிடம். இவை தவிர ஊரிலிருந்து போக, வர 4 நாட்கள். அவ்வளவு நாள் இல்லையெனில் தலங்களைக் குறைக்கலாம், நாட்களைக் குறைத்தலாகாது. ஒரு தலத்தை நிறைவாகத் தரிசித்து நலமே திரும்பினால், எஞ்சியவற்றை இறைவன் அடுத்த ஆண்டுக்கென வைத்திருப்பான்.

மலைநாதன் எங்கும் போய்விடுவதில்லை. அவனைக் காணச் செல்வோர் அனைவரும் நலமே சென்று, நலமே மீண்டு, இல்லம் சேர அவன் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.